எந்தப் பெட்டியை வாங்குவது

அன்புள்ள மகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் படித்தேன். இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். டேப்லட்டில் இசை செய்வதற்கு, மைக்கையும் கீபோர்டையும் அதோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டி எதை வாங்கலாம் என்பது ஒன்று. இரண்டு பெட்டிகளின் படமும் அனுப்பியிருக்கிறாய். உன் கல்யாணத்தன்று நம் சர்ச்சில் நான் கீபோர்டு வாசிக்க முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் நான். இரண்டாவதற்கு, இந்த வரியை எழுதும்போதுகூட என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. போனில் பேசினால் ‘சரி, பார்க்கலாம்’ என்று இருவரும் வைத்துவிடுவோம். நம் வீட்டில் எல்லாமே அப்படித்தான் முடிந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. டேப்லட்டுக்கு வாங்குகிறவன் கம்ப்யூட்டருக்கு வாங்குகிறவனைப் போல யோசிக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் எதைச் செருகினாலும், அதற்கு வேண்டிய மென்பொருளைத் தனியாக ஏற்றிச் சமாளித்துவிடலாம். டேப்லட் அதற்கெல்லாம் இடம் கொடுக்காது. செருகியவுடன் தானாக அடையாளம் தெரிந்துகொள்ளும் பெட்டியாக இருக்க வேண்டும். அடுத்தது மின்சாரம். உன் டேப்லட்டில் இருப்பது ஒரே ஒரு துளை. சார்ஜருக்கும் அதுதான், பெட்டிக்கும் அதுதான். பெட்டி தனக்கு வேண்டிய மின்சாரத்தை டேப்லட்டிலிருந்துதான் உறிஞ்சும். கன்டென்சர் மைக்கை மாட்டினால் அதற்கும் சேர்த்து உறிஞ்சும். பாதிப் பாட்டில் பேட்டரி படுத்துவிடும். ஆகவே தனி அடாப்டர் போடக்கூடியதாகப் பார். அப்புறம் தாமதம். நீ பாடுவது டேப்லட்டுக்குள் போய்ச் சுற்றிவிட்டு உன் காதுக்குத் திரும்பும்போது கொஞ்சம் பிந்தியிருக்கும்; அந்தக் கொஞ்சத்தில் பாடுகிறவனுக்குத் தாளம் தடுமாறும். உள்ளே போகாமல் நேராக ஹெட்போனுக்குக் குரலைத் தருகிற வசதி கட்டாயம் வேண்டும். நீ அனுப்பிய இரண்டு பெட்டியிலும் இவையெல்லாம் இருக்கின்றன. நீ ஏமாறவில்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின்பக்கம்தான். பெரிய பெட்டியின் பின்னால் ஐந்து பின் செருகும் வட்டத் துளைகள் இருக்கின்றன, மிடிக்காக. சின்னதில் அவை இல்லை. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் உன் அம்மாவும் இதைப் படிப்பாள் என்பதால் சொல்கிறேன். ஆடியோ ஒயரில் சத்தம் போகும். மிடி ஒயரில் சத்தம் போகாது. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக, எப்போது விட்டது என்ற தகவல் மட்டும் போகும். சத்தத்தை அந்தப் பக்கம் இருக்கிற டேப்லட் போட்டுக்கொள்ளும். நம் வீட்டுப் பழைய கீபோர்டுக்கு இப்போது சத்தம் கிடையாது. கட்டைகள் நன்றாக இருக்கின்றன. சத்தம் உண்டாக்கும் சிப் போய்விட்டது. அது இனி எங்கும் கிடைக்காது. அதில் யூஎஸ்பி இல்லை, ஐந்து பின் மட்டும்தான். இரவல் கீபோர்டில் நான் வாசிக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். மலிவான மிடி ஒயர் ஒன்றை வாங்கி, ஒரு துளையை இரண்டாக்கும் ஹப் வைத்துச் செருகலாம் என்பாய். அந்த ஒயரில் சில சமயம், விட்ட கட்டை விட்டதாகத் தெரியாமல் நின்று அலறும். கல்யாணத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். ஆக, சின்னப் பெட்டியை வாங்கினால் நான் வாசிக்க வழியில்லை. பெரியதை வாங்கினால் உண்டு. உன் இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான்.

சனிக்கிழமை உன் அம்மாவை அழைத்துக்கொண்டு டவுன்ஹால் பக்கம் இருக்கிற கடைக்குப் போனேன். பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சொல்லக் கூடாது அல்லவா. கடைக்காரர் சின்னப் பெட்டியை மேசையில் வைத்து, “டேப்லட்டுக்குத்தானுங்க சார்? இதப் போட்டு அடிச்சு உடுங்க. மிடியெல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்க?” என்றார்.

“டேப்லட்டுல எனக்குச் சக்கரதான் கொறையுது. எம் பையனுக்கு அதுல பாட்டு வருதாமா” என்றாள் உன் அம்மா.

“பழைய கீபோர்டு ஒண்ணு இருக்குதுங்க. அஞ்சு பின்னு மட்டுந்தான்” என்றேன் நான்.

“அப்ப அந்தக் கீபோர்டயே மாத்திப்போடுங்க சார். எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கறமுங்க.”

“வாசிக்கறவரையும் சேத்தி எடுத்துக்குவீங்களா?” என்றாள் உன் அம்மா.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, “வாங்கியிருக்கலாமல்லங்க?” என்று கேட்டாள். அவன் முடிவு பண்ணட்டும் என்றேன். “அவன் உங்களக் கேக்கறான். நீங்க அவன முடிவு பண்ணச் சொல்றீங்க. நல்லாருக்குதுங்க அப்பனும் மகனும் பேசற நாயம்” என்றாள். பஸ் வந்துவிட்டது.

நீ கேள்வியை எழுதிய விதத்தில்தான் எனக்குச் சிக்கல். “உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா வாசிங்கப்பா” என்று எழுதியிருக்கிறாய். பெங்களூரில் இருக்கிற உனக்கு அது சாதாரணச் சொல்லாக இருக்கலாம். இந்த ஊரில் சிரமம் என்ற சொல்லுக்கு வேறு வேலை உண்டு. நம் ஊர்க்காரர்கள் யாரையும் வராதே என்று சொல்ல மாட்டார்கள். ‘உங்களுக்கு எதுக்குங்க சிரமம்’ என்பார்கள். கேட்டவன், ‘அதுவுஞ் செரிதானுங்க’ என்று தானாகவே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் மரியாதை கெடாமல் காரியம் முடிந்துவிடும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு எவ்வளவு பணிவான மனிதர்கள் என்று வியந்து போவார்கள்.

உன் தாத்தா காங்கேயத்துப் பக்கம் கூலிக்குப் போனவர் என்பது உனக்குத் தெரியும். அவரிடம் யாரும் ‘ங்க’ சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. களத்தில் நிற்காதே என்றால் நிற்காதே என்றுதான் சொல்வார்கள். மிஷன் ஹாஸ்டலில் சேர்ந்து, ஆர்மோனியம் கற்று, படித்து, வேலைக்கு வந்த பிறகு எனக்கு அந்த ‘ங்க’ கிடைத்தது. அது கிடைத்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று இப்போது சொன்னால் உனக்குச் சிரிப்பாக இருக்கும். சர்ச்சில் ‘சார் வாங்க, சார் உக்காருங்க’ என்று கீபோர்டுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். உன் தாத்தாவைத் தள்ளி நிறுத்த அவர்களுக்கு ‘ங்க’ தேவைப்படவில்லை. என்னைத் தள்ளி நிறுத்துவதற்கு அது தேவைப்பட்டது.

சர்ச் செயலாளர் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்குத் தெரியாது. நீ கல்லூரியில் கடைசி வருடம், ஹாஸ்டலில் இருந்தாய். பம்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்திருக்கிற மனிதர், காரிலிருந்து இறங்கிக் கேக் டப்பாவோடு வந்தார். காபி குடித்து முடிக்கும்வரை என் முதுகுவலியைப் பற்றியே விசாரித்தார். அப்புறம் சொன்னார்: “சார், இன்னும் எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்? ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வெள்ளன எந்திரிச்சு ஓடியாரோணும். நம்ம தம்பி ஒரு டேப்லட்டு செட் பண்ணிக் குடுத்துட்டானுங்க. ஒரு தட்டுத் தட்டுனா போதும், அதே வாசிக்குது. நீங்க முன்னாடி வரிசைல ஜம்முன்னு உக்காந்து பாடுங்க.” தம்பி யார் என்று கேட்டேன். “நம்ம தம்பிதானுங்க, உங்க பையன்! உங்ககிட்டச் சொல்லலீங்களா?” என்றார். சொன்னான் என்றேன். செரிங்க என்றேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த ஞாயிறு முன்வரிசையில் உட்கார்ந்தேன். கீபோர்டு இருந்த இடத்தில் பூச்சட்டி வைத்திருந்தார்கள். முதல் கீர்த்தனைக்கு யாரோ டேப்லட்டைத் தட்டினார்கள். ஆர்கன் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் சரணத்தில், இடது கையில் ஒரு நோட் தப்பாக விழுந்தது. அந்தத் தப்பு என்னுடையது. அந்த இடத்தில் என் சுண்டுவிரல் எப்போதும் அடுத்த கட்டையையும் சேர்த்துத் தொடும். என் ஒருவனுக்குத்தான் அது தெரியும் என்று நினைத்திருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்தபோது நீ நண்பனின் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நம் வீட்டுக் கீபோர்டில் மாட்டி, “சும்மா வாசிங்கப்பா, டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன்” என்று சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று மத்தியானம் முழுக்க நீ கேட்டதையெல்லாம் வாசித்தேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது அதற்கு முன்னால் எப்போது என்று தெரியவில்லை. சந்தோஷமாக வாசித்தேன்.

என்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னையே வைத்திருந்தாய். அதுகூடப் பரவாயில்லை. நீ அதைத் திருத்தியிருந்தாய். மிடியில் சத்தம் இல்லாமல் தகவல் மட்டும் இருப்பதால் வரும் வசதி அது. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்னும் பின்னும் விழுந்த கட்டைகளெல்லாம் கோட்டில் வந்து வரிசையாக நின்றுகொள்ளும். நான் மூன்றாம் வரிக்கு முன்னால் பிந்துவேன். அது தடுமாற்றம் என்று நீ நினைத்திருக்கிறாய். பின்வரிசையில் இருக்கும் வயதானவர்கள் இரண்டாம் வரியின் கடைசி எழுத்தை இழுத்து, மூச்சு வாங்கி, அடுத்த வரிக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். அவர்கள் வாயைப் பார்த்துத்தான் நான் கட்டையில் கை வைப்பேன். சுண்டுவிரல் தப்பை விட்டுவிட்டு, அந்தப் பிந்தலை எடுத்துவிட்டாய். அந்த ஞாயிறு அவர்கள் இரண்டாம் வரியில் இருக்கும்போதே நான் மூன்றாம் வரிக்குப் போய்விட்டேன். அவர்களைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச நாளில் அவர்களும் ஓடக் கற்றுக்கொண்டார்கள். ஓட முடியாதவர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள்.

அப்புறம் நம் சர்ச்சில் ஒரு கல்யாணம். நீயும் ஊரில் இருந்தாய். பெண் உள்ளே வரும்போது பூத்தட்டு வைத்திருந்த ஸ்டாண்டில் சேலை மாட்டிக்கொண்டது. நின்று, குனிந்து, எடுத்துவிட்டு நிமிர்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. டேப்லட்டுக்குப் பெண் நின்றது தெரியாது. பாதித் தூரம் இன்னும் இருந்தது. மறுபடி தட்டத் தெரிந்த பையன் வெளியே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அப்போது சர்ச் கீபோர்டு மூலையில் துணி மூடித்தான் இருந்தது. விற்றது அதற்குப் பிறகு. நான் பாதி எழுந்தேன். எதிர் வரிசையிலிருந்து செயலாளர் உள்ளங்கையைக் காட்டி, “இருங்க இருங்க சார், உங்களுக்கு எதுக்கு” என்றார். உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் மீதித் தூரத்தை ஃபேன் சத்தத்தில் நடந்தாள். கொலுசு ஒவ்வொரு அடிக்கும் கேட்டது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கோபம் வந்ததா என்று கேட்பாய். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், தொடுவது தெரியும், கன்னம் நம்முடையது என்று தெரியாது. அப்படி இருந்தது. இன்றும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஞாயிறு போகிறேன், உட்காருகிறேன், எழுகிறேன். கட்டிக்கொள்ளப்போகிறவள் என்று ஜெனிட்டாவை நீ வீட்டுக்கு அழைத்து வந்தபோது நல்ல பெண் என்று தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. உன் அம்மா அழுதாள். நான் ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

இதையெல்லாம் கல்யாண வாழ்க்கையோடு பொருத்தி உனக்கு ஒரு அறிவுரை சொல்லலாம். அந்த வேலையைச் சர்ச் ஐயர் பிரசங்கத்தில் செய்துகொள்வார். நான் பெட்டி வாங்குகிறவனுக்கு மட்டும் சொல்கிறேன். திருத்துகிற பொத்தான் எல்லா டேப்லட்டிலும் இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன்னால், பிந்தியவன் ஏன் பிந்தினான் என்று ஒரு தடவை கேள். அவன் பக்கத்து அறையில்தான் இருந்தான்.

முந்தாநாள் இதுவரை எழுதி நிறுத்திவிட்டு, இன்று தொடர்கிறேன். உண்மையைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் ‘சின்னப் பெட்டியே போதும்’ என்று எழுதுவதாகத்தான் இருந்தேன். நான் வாசிக்க வரவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, நீயும் கேட்க வேண்டியதில்லை, பெட்டியே சொல்லிவிடும். இந்த ஊர்க்காரனாகிவிட்டேன் பார். உன் அம்மாவிடம் சொன்னேன். “அவன் எழுதுனா எழுதுனதுதானுங்க. அவனுக்கு இந்த வளைச்சு வளைச்சுப் பேசற பேச்செல்லாம் எங்கீங்க தெரியும்?” என்றாள். அதற்கும் நான் மசியவில்லை.

நேற்று சாயங்காலம் காரமடையிலிருந்து ஜெனிட்டாவின் அப்பா போன் செய்தார். பக்கவாதம் வந்து போனதிலிருந்து அவருக்கு ஒரு கால் இழுத்துக்கொண்டிருக்கிறது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிற்காத பஸ்ஸில் நின்றே சம்பாதித்தவர். சர்ச்சுக்குள் பெண்ணை அப்பா அழைத்து வரும்போது போடும் பாட்டை நீ அவருக்கு அனுப்பியிருக்கிறாய் போலிருக்கிறது.

“சம்பந்திங்களா? ஏனுங்க, ஒரு சின்ன சங்கதி கேக்கோணுமுங்க. மாப்ள அனுப்புன பாட்டு அவ்வளவுதானுங்களா, இன்னுங்கொஞ்சம் வருமுங்களா?”

அவ்வளவுதான் என்றேன். ஏன் என்று கேட்டேன்.

“இல்லீங்க, ஊட்டு முன்னால தெருவுல போனை வெச்சுட்டுப் பாட்டப் போட்டுப்போட்டு நடந்து நடந்து பாக்கறனுங்க. பாட்டு முடியறதுக்குள்ள வந்து சேரோணுமல்லங்க. எங்கீங்க, பாதிலயே நின்னுபோவுது. பக்கத்தூட்டுக்காரன் வேற ‘ஏனப்பா, உனக்குத்தான் கல்யாணமா’ன்னு கேக்கறான். நானும் வெரசாத்தான் நடக்கறனுங்க. இந்தக் காலு வர மாட்டீங்குது. அதுதான், என் தம்பியவே புள்ளயக் கூட்டியாரச் சொல்லிப்போடலாம்னு இருக்கறனுங்க. அவன் நல்லா நடப்பான். நான் முன்னாலயே போயி உக்காந்துக்கறேன். எனக்காவ நீங்களும் மாப்பளையும் எதுக்குங்க சிரமப்படோணும்?”

அவர் யாரையும் ஒதுக்கவில்லை. தன்னையே ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் சரிங்க என்று சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்வதுதான் இங்கே மரியாதை.

“நீங்கதான் கூட்டிட்டு வரீங்க” என்றேன். “மெதுவா வாங்க. இடைல நிக்கோணும்னா நில்லுங்க. நீங்க வந்து சேர்ற வரைக்கும் பாட்டு இருக்கும்.”

“அந்த மிசினு நிக்குமுங்களா?”

“மிசினு இல்லீங்க. நான் வாசிக்கறேன்.”

 “செரிங்க, செரிங்க” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரிந்தது. உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெரிய பெட்டியை வாங்கு. அடாப்டரோடு வாங்கு. பின்னால் இருக்கிற துளைகள் உள்ளே வாங்குவதற்கா, வெளியே அனுப்புவதற்கா என்று பார்த்துச் செருகு. மாற்றிச் செருகினால் சத்தம் வராது, கீபோர்டைத்தான் குறை சொல்வார்கள். டேப்லட்டில் தாளம் எண்ணுகிற கிளிக்கை அணைத்துவிடு. அது என் காதிலும் கேட்கக் கூடாது, உன் காதிலும் கேட்கக் கூடாது. நான் வாசிப்பதைப் பதிவு செய்வதானால் ஒரு மைக்கை வைத்து ஆடியோவாகச் செய். நாற்காலி கிரீச்சிடும், யாராவது இருமுவார்கள், இருக்கட்டும். மிடியில் செய்யாதே.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. நீ செய்ததை நான் மறக்கவில்லை. மறக்க முயலவும் இல்லை. உன்னோடு பேச வேண்டியது பாக்கி இருக்கிறது, அதைக் கல்யாணத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்வோம். செயலாளரிடம் நீயே போய்ச் சொல். அப்பா வாசிக்க ஒத்துக்கொண்டார் என்று சொல்லாதே, அப்பா வாசிக்கிறார் என்று சொல். எனக்கு எதற்குச் சிரமம் என்று அவர் கேட்பார். சிரமம்தானுங்க, இருந்தாலும் வாசிப்பாருங்க என்று சொல்.

முந்தின நாளே வந்து அந்தப் பூச்சட்டியை எடுத்துவிட்டு, நம் வீட்டுக் கீபோர்டை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடு. ஆல்டர் பீடத்துக்கு முதுகு காட்டக் கூடாது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சாய்த்துப் போடு. அந்த மனிதர் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா